வெள்ளைச் சுவரின் விலை

வீட்டுக்கு வண்ணம் தீட்ட விரும்புவோர் இன்று பெரும்பாலும் நாடுவது, கண்ணைப் பறிக்கும் சிவப்பையோ கருத்தைக் கவரும் நீலத்தையோ அன்று. பாலேட்டின் நிறம், தந்தத்தின் நிறம், வெண்மையில் ஒரு துளி மஞ்சள் கலந்து, குளிர்ச்சியைக் குறைத்து, கனிவைக் கூட்டிய மென்னிறம். சிறிய அறையைப் பெரிதாக்கிக் காட்டும். மங்கிய விளக்கொளியையும் வாங்கி நாலாபுறமும் வீசும். எப்பொருளை அருகில் வைத்தாலும் அதனோடு பகைகொள்ளாது. ஏழை வீட்டுக் கோரைப்பாய்க்கும் இசைந்து நிற்கும். செல்வர் மாளிகையின் தேக்கு நாற்காலிக்கும் இசைந்து நிற்கும். நல்ல நிறந்தான். மறுப்பாரில்லை.

ஆனால், அந்த நிறத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மன்னர்களின் படையெடுப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியோர், அந்த மன்னர்களின் மாளிகைச் சுவருக்கு வெண்மை தந்தவன் யார், அவன் எத்தனை நாள் வாழ்ந்தான், எப்படிச் செத்தான் என்று எழுத ஒரு வரி ஒதுக்கினாரில்லை. கட்டியவனை மறந்து கட்டடத்தை வியப்பது போலவே, வண்ணம் செய்தவனை மறந்து வண்ணத்தைப் புகழ்ந்தது உலகம். வெண்மை தூய்மையின் சின்னம் என்றனர். அமைதியின் அடையாளம் என்றனர். அந்த வெண்மைக்குள்ளே இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரு நஞ்சு இருந்தது. அதன் பெயர் காரீயம்.

சுண்ணாம்பு அடிப்பது மனிதன் நெடுங்காலமாகச் செய்துவரும் செயல். மலிவான பொருள், பூச்சிகளை விரட்டும் பொருள், சிறிது மஞ்சட்காவி சேர்த்தால் இளமஞ்சள் காட்டும் பொருள். ஆனால் சுண்ணாம்பு கைபட்டால் ஒட்டும், மழைபட்டால் கரையும், மரத்தின்மேல் நிலைக்காது. ஐரோப்பாவிலும் பின்னர் அமெரிக்காவிலும், கதவும் சாளரமும் மட்டுமல்ல, சுவரே பல வீடுகளில் மரப்பலகை. மரத்தைப் பற்றிக்கொண்டு, மழைக்கும் பனிக்கும் ஈடுகொடுக்கும் வெண்மை தேவைப்பட்டது. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த காரீய வெள்ளை அந்தத் தேவையை நிறைவேற்றிற்று. ஒரு பூச்சிலேயே அடிநிறத்தை மறைத்தது; தோல்போல் இறுகி நின்றது; எண்ணெயின் இயல்பால் நாளடைவில் மெல்லிய மஞ்சள் சாயலும் பெற்றது. இன்று நாம் விரும்பும் அந்தக் கனிந்த வெண்மையின் மூதாதை அதுதான்.

அதைச் செய்யும் முறை மிகப் பழையது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த கிரேக்க அறிஞர் தியோபிராசுட்டசு அதை எழுதி வைத்திருக்கிறார். காரீயத்தைக் காடியின் ஆவியில் வைத்தால் அதன்மேல் வெள்ளை படியும். அதைச் சுரண்டி எடுத்து அரைத்தால் வண்ணம். பின்னாளில் ஆலந்து நாட்டார் இதைப் பெருந்தொழிலாக்கினர். மண்கலத்தின் அடியில் காடி. அதன்மேல் காரீயச் சுருள். அப்படிப்பட்ட கலங்களை வரிசை வரிசையாக அடுக்கி, சுற்றிலும் குதிரைச் சாணத்தை அல்லது தோல் பதனிட்டு எஞ்சிய மரப்பட்டையைக் கொட்டி, மேலே பலகை பரப்பி, மீண்டும் கலங்கள், மீண்டும் சாணம் என்று கூரை தொடும் அளவுக்கு அடுக்குவர். சாணம் புளித்துச் சூடேறும், காடி ஆவியாகும், கரியமிலவாயு எழும். ஏறத்தாழ மூன்று மாதங்கள் கழித்துத் திறந்து பார்த்தால், கருத்த காரீயம் வெளுத்துப் போயிருக்கும்.

திறந்து பார்ப்பவர் யார்? அங்கேதான் நமது வரலாறு தொடங்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், லண்டனிலும் நியூகாசிலிலும் இருந்த காரீய வெள்ளை ஆலைகளில் இந்த வேலையைச் செய்தோரில் பெரும்பாலோர் பெண்கள். வேறு வேலை கிடைக்காத பெண்கள். கணவனை இழந்தவர்களும், கணவனுக்கு வேலையில்லாதவர்களும், அயர்லாந்தின் பஞ்சத்திலிருந்து தப்பி வந்தவர்களும் அந்த வாயிலில் காத்து நின்றனர். வெளுத்த காரீயத்தைப் பிரித்தெடுத்தனர். தட்டுகளில் ஏந்தித் தலையில் சுமந்தனர். உலைக்களத்தில் உலர்த்தி, உலர்ந்த பின் அந்தத் தூளை வாரி வெளியே கொணர்ந்தனர். தூள் காற்றில் பறந்தது. மூச்சோடு உள்ளே சென்றது. உணவோடு உள்ளே சென்றது. முதலில் பசி குன்றும். ஈறில் நீலக்கோடு படரும். குடலை முறுக்கும் வலி வரும். மணிக்கட்டு தளர்ந்து கை தொங்கும். கருவுற்ற பெண்ணுக்குக் கரு கலையும், அல்லது குழந்தை செத்துப் பிறக்கும். நஞ்சு மூளையை எட்டினால் வலிப்பு, பார்வையிழப்பு, பிறகு சாவு.

நாவலாசிரியர் சார்லசு டிக்கன்சு 1868இல் கிழக்கு லண்டனின் ஏழைக் குடியிருப்புகளுக்குச் சென்றார். அங்கே காரீய ஆலையில் வேலை பார்த்து நோயுற்றுக் கிடந்த பெண்ணைக் கண்டார். ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டபோது, அக்கம்பக்கத்தார் சொன்ன விடை என்ன தெரியுமா? எல்லாம் உடல்வாகு, சிலருக்குத் தாங்கும், சிலருக்குத் தாங்காது! தோழர்களே, இந்த விடையை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா? நம் ஊரில் இதற்குத் தலையெழுத்து என்று பெயர். பெயர்தான் வேறு, பொருள் ஒன்றே. ஆலையின் வாயிலில் நிற்க வேண்டிய குற்றச்சாட்டை, அடிபட்டவளின் உடலிலேயே ஒட்டிவிடும் வித்தை அது.

இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. 1893இல் பெர்னார்ட் ஷா ‘வாரன் அம்மையின் தொழில்’ எனும் நாடகத்தை எழுதினார். அதில் வரும் அம்மை, தான் ஒழுக்கம் தவறிய வழியில் சென்றது ஏன் என்று மகளுக்கு விளக்குகிறாள். ஒழுக்கமாக உழைத்துப் பிழைத்த தன் உடன்பிறப்பு ஒருத்தி, காரீய வெள்ளை ஆலையில் அற்பக் கூலிக்கு உழைத்து நஞ்சேறி மாண்டதை எடுத்துக் காட்டுகிறாள். உழைப்பவளைக் கொன்ற ஆலையை மூடாத அரசு, அதை எடுத்துச் சொன்ன நாடகத்துக்குத் தடை விதித்தது. பல ஆண்டுகள் அந்நாடகம் இங்கிலாந்தின் பொதுமேடை ஏற முடியவில்லை.

சட்டமே வரவில்லையா? வந்தது. 1883இல் காரீய வெள்ளை ஆலைகளுக்கெனத் தனி விதிகள் பிறந்தன. 1898இல், ஆலையின் அபாயமான பகுதிகளில் பெண்கள் வேலை செய்யக்கூடாது என்று தடையும் வந்தது. நன்று என்போம். ஆனால் சற்றே சிந்திப்போம். பெண்ணை வெளியேற்றினர், நஞ்சை வெளியேற்றவில்லை. பெண் நின்ற இடத்தில் ஆண் வந்து நின்றான். வேலையிழந்தவளுக்கு வேறு வழி காட்டவும் இல்லை. நோயின் வேரை விட்டுவிட்டு, நோயாளியை மட்டும் மாற்றிய மருத்துவம் அது!

காரீயம் நஞ்சு என்பது அதுவரை தெரியாமலா இருந்தது? இல்லை. அதுதான் இவ்வரலாற்றின் கொடுமை. உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியசு, காரீயத் தொழிலாளரின் வெளிறிய உடலைச் சுட்டிக்காட்டி, காரீயக் குழாயை விட மண்குழாயே தண்ணீருக்கு ஏற்றதென்று எழுதினார். 1700இல் இத்தாலிய மருத்துவர் ராமசீனி, தொழிலாளரைத் தாக்கும் நோய்களைப் பற்றி எழுதிய நூலில் வண்ணம் தீட்டுவோரின் துன்பத்தையும் சேர்த்தார். பெஞ்சமின் பிராங்க்ளின், இளமையில் லண்டன் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர்; சூடேறிய காரீய அச்செழுத்தைத் தொட்டுத் தொட்டுக் கைவிளங்காமற்போன தொழிலாளரை அறிந்தவர். 1786இல் நண்பருக்கு எழுதிய மடலில் அவர் இதையெல்லாம் விவரித்துவிட்டு, பயனுள்ள ஓர் உண்மை கண்டறியப்பட்ட பின்னரும், அது ஏற்கப்பட்டு நடைமுறைக்கு வர எவ்வளவு நெடுங்காலம் காத்துக்கிடக்க வேண்டியிருக்கிறது என்று வருந்தினார். அவர் வருந்திய பின்னும் அந்த உண்மை காத்துக்கிடந்தது. எத்தனை காலம்? அவருடைய நாட்டிலேயே 192 ஆண்டுகள்!

மாற்றுப் பொருள் இல்லாததால் காத்திருந்தனரோ என்றால், அதுவும் இல்லை. 1780களிலேயே பிரான்சு நாட்டின் திசோன் நகரில் துத்தநாக வெள்ளையைச் செய்து காட்டினர். அதை வீட்டுச் சுவருக்குக் கொண்டுவந்த பெருமை லெக்ளேர் என்பவரைச் சேரும். 1801இல் சிற்றூர்ச் செருப்புத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, பாரிசுக்கு வந்து, தூரிகை பிடித்துத் தொழில் கற்று, பின் பல நூறு பேருக்கு வேலை தருபவராக உயர்ந்தவர் அவர். தம்மோடு உழைத்தவர்கள் காரீயத்தால் சாவதைக் கண்டார். உடல்வாகு என்று ஒதுக்கவில்லை. ஊழ்வினை என்று ஒதுங்கவில்லை. காரீயத்தை ஒதுக்கினார்! துத்தநாக வெள்ளையை எண்ணெயில் குழைத்துச் சுவருக்குப் பூசும் முறையைச் செப்பனிட்டார். 1842 முதல், தொழிலில் கிடைத்த இலாபத்தைத் தொழிலாளரோடு பங்கிட்டுக் கொள்ளவும் செய்தார். மனமிருந்தால் வழியுண்டு என்பதற்கு மேடைப்பேச்சு வேண்டாம். அந்த ஒரு மனிதனின் வாழ்வு போதும்.

ஆயினும், ஒரு முதலாளியின் நல்லுள்ளம் ஓர் ஊரைக் காக்கலாம். உலகைக் காக்கச் சட்டம் வேண்டும். பிரான்சில் வண்ணத் தொழிலாளர் சங்கங்கள் போராடின. 1909இல் கட்டட வேலைகளில் காரீய வெள்ளையை விலக்கும் சட்டம் நிறைவேறிற்று. நடைமுறைக்கு வரும் நாள் 1915 என்று குறிக்கப்பட்டது. முதல் உலகப்போர் முடிந்து, ஜெனீவாவில் 1921இல் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, கட்டடங்களின் உட்புறத்தில் காரீய வெள்ளை பூசுவதைத் தடை செய்யும் உடன்படிக்கையை உருவாக்கியது. இரயில் நிலையங்களுக்கும் தொழிற்கூடங்களுக்கும் விதிவிலக்கு இருந்தது. நூற்றுக்கு இரண்டு பங்கு காரீயம் இருக்கலாம் என்ற தளர்வும் இருந்தது. எனினும் பெருவெற்றிதான். பல நாடுகள் கையொப்பமிட்டன. அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஏற்கவில்லை. நமது இந்தியாவும் அந்த உடன்படிக்கையை ஏற்ற நாடுகளின் பட்டியலில் இல்லை.

இதுவரை நான் சொன்னது செய்தவனின் கதை, பூசியவனின் கதை. இனி, அந்தச் சுவருக்குள் தவழ்ந்த குழந்தையின் கதை.

ஆத்திரேலியாவின் பிரிசுபேன் நகரக் குழந்தைகள் மருத்துவமனைக்கு, 1890களில் விந்தையான நோயோடு குழந்தைகள் வந்தனர். வயிற்று வலி, கைகால் தளர்ச்சி, கண்பார்வைக் கேடு. ஆலைக்குப் போகாத குழந்தைகளுக்குக் காரீய நோய் எப்படி வந்தது? தண்ணீரை ஆராய்ந்தனர், பாத்திரங்களை ஆராய்ந்தனர். கண் மருத்துவர் லாக்கார்ட் கிப்சன் விடை கண்டார். 1904இல் அதை உலகுக்கு அறிவித்தார். குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருந்தது. தாழ்வாரத்துக் கம்பி வேலியிலும் அறைச் சுவரிலும் பூசிய வண்ணம், அந்நாட்டுக் கடும் வெயிலில் காய்ந்து பொடியாகிறது. குழந்தையின் ஈரக்கையில் ஒட்டுகிறது. கை வாய்க்குப் போகிறது. அவ்வளவுதான்! பேயும் இல்லை, பிசாசும் இல்லை. காரணத்தைத் தேடிய கண்ணுக்குக் காரணம் தெரிந்தது. குழந்தைகளின் கைக்கெட்டும் இடங்களில் காரீய வண்ணம் கூடாதென்று குயின்சுலாந்து அரசு 1922இல் சட்டம் செய்தது.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் நடந்தது என்ன? காரீய வெள்ளை விற்ற பெரிய நிறுவனம் ஒன்று, தூரிகை ஏந்திய சிறுவனின் படத்தையே தன் வணிகச் சின்னமாக வைத்திருந்தது. குழந்தைகளுக்கென வண்ணம் தீட்டும் புத்தகங்களை அச்சிட்டு, காரீயத்தைக் குழந்தையின் தோழன்போல் காட்டிற்று. வெளிச்சமான சுவரே உடல்நலத்துக்கு உகந்தது, கழுவத்தக்க சுவரே தூய்மையானது என்று விளம்பரங்கள் முழங்கின. குழந்தைகள் நோயுற்றபோது, வண்ணத்தின் குற்றமல்ல, கண்டதைக் கடிக்கும் குழந்தையின் குற்றம் என்றனர். கவனியாத தாயின் குற்றம் என்றனர். காரை பெயர்ந்த பழைய வாடகை வீடுகளில் வாழ்ந்தவர்கள் ஏழைகள். அவர்களுள் நீக்ரோ என்று அந்நாளில் இழித்துரைக்கப்பட்ட கருப்பின மக்கள் மிகப் பலர். கூரையையும் சுவரையும் செப்பனிட வேண்டியவன் வீட்டுக்காரன். பழி சுமந்தவள் குடியிருந்த தாய்! லண்டன் ஆலையில் ‘உடல்வாகு’ என்று ஒலித்த அதே குரல், கடல் கடந்து வந்து ‘தாயின் அசட்டை’ என்று ஒலித்தது.

பால்டிமோர் நகரம் 1951இல் வீட்டு உட்சுவருக்குக் காரீய வண்ணத்தைத் தடை செய்தது. நாடு முழுமைக்கும் வீட்டு வண்ணத்தில் காரீயத்துக்குத் தடை வந்தது 1978இல். அதற்கு அடுத்த ஆண்டு, மருத்துவர் எர்பர்ட் நீடில்மன் ஓர் ஆய்வை வெளியிட்டார். வகுப்பறையில் நாள்தோறும் நிற்கும் என் போன்றோர் நெஞ்சில் பதிக்க வேண்டிய ஆய்வு அது. மாசசூசெட்சு மாநிலப் பள்ளிப் பிள்ளைகளின் உதிர்ந்த பாற்பற்களை அவர் திரட்டினார். பல்லில் படிந்த காரீயத்தை அளந்தார். பிள்ளைகளின் அறிவுத்திறனையும் அளந்தார். வகுப்பில் அவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆசிரியர்களையும் கேட்டார். நோய்க்குறி எதுவும் வெளியே தெரியாத பிள்ளைகள்தாம் அவர்கள். ஆயினும், பல்லில் காரீயம் கூடக்கூட அறிவுத்திறன் மதிப்பெண் குறைந்தது. கவனம் சிதறுகிறது, சொன்னதைச் செய்ய இயலவில்லை என்ற ஆசிரியர்களின் குறை கூடிற்று. இந்த ஆய்வைக் காரீயத் தொழிலின் சார்பாளர்கள் கடுமையாகத் தாக்கினர். ஆய்வில் நேர்மைக்கேடு என்று 1990களின் தொடக்கத்தில் குற்றம் சுமத்தி விசாரணையும் நடத்த வைத்தனர். விசாரணை அவரைக் குற்றமற்றவர் என்றது.

மக்கு என்று நாம் முத்திரை குத்தும் பிள்ளை! படிப்பு ஏறாத சாதி என்று பழையோர் பழித்த பிள்ளை! அந்தப் பிள்ளையின் தலையில் எழுதியவன் யார்? அங்கே ஒரு சுவர் எழுதியிருந்தது. அந்தச் சுவரின் வண்ணத்தை விற்றவன் எழுதியிருந்தான். தெரிந்தும் தடுக்காத அரசு எழுதியிருந்தது. எழுதியது மனிதன் என்றால், அழிக்கவும் மனிதனால் முடியும். கலிபோர்னியாவில் 2000இல் தொடுத்த வழக்கு, 2019இல் முடிந்தது. காரீய வண்ணத்தோடு தொடர்புடைய 3 நிறுவனங்கள் 30 கோடியே 50 இலட்சம் டாலர் தர இணங்கின. பழைய வீடுகளில் எஞ்சிய நஞ்சை நீக்க அந்தப் பணம். நீதி நொண்டி நொண்டி நடந்தது. ஆனாலும் வந்து சேர்ந்தது.

இன்றைய வெண்சுவரின் வெண்மை காரீயம் அன்று, டைட்டானியம். அந்தத் தனிமத்தை 1791இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் கண்டறிந்தவர் வில்லியம் கிரெகர் எனும் பாதிரியார். அதிலிருந்து வெள்ளை வண்ணம் செய்யும் தொழில், முதல் உலகப்போர் நாட்களில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் தொடங்கியது. அடிநிறத்தை மறைக்கும் ஆற்றலில் காரீயத்தையும் துத்தநாகத்தையும் அது வென்றது. அந்த வெண்மையில் நம் கடற்கரைக்கும் பங்குண்டு. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கரிய மணலை 1909இல் செருமானிய வேதியியலார் சோம்பர்க் கண்டார். கயிற்றில் ஒட்டி ஐரோப்பாவுக்குச் சென்ற மணல் காட்டிக்கொடுத்த செல்வம் அது. முதலில் விளக்கு வலைக்கு வேண்டிய மோனசைட்டுக்காகவே அதை அள்ளினர். பின்னரே அதில் மிகுந்திருந்த இல்மனைட்டின் மதிப்பு விளங்கிற்று. டைட்டானியத்தின் தாது அதுவே. இரு போர்களுக்கிடையே திருவிதாங்கூர்க் கடற்கரை மணல் கப்பல் கப்பலாக மேல்நாடு சென்று, அங்கே வெள்ளை வண்ணமாயிற்று. 1956 நவம்பர் 1இல் அந்தக் கரை தமிழகத்தோடு இணைந்தது. காரீயத்துக்கு மாற்றானது அந்தக் கருமணல், நன்றிக்குரியது. ஆயினும், மணல் அள்ளுவதால் கரை அரிக்குமா, கதிரியக்கம் கேடு செய்யுமா என்று அங்குள்ள மீனவர்கள் எழுப்பும் கேள்விக்கு நேர்மையான விடை தர வேண்டும். ஓரிடத்துச் சுவர் வெளுக்க மற்றோரிடத்து மக்கள் வெளிற வேண்டும் என்ற பழைய கணக்கு இங்கும் தொடரக்கூடாது.

காரீயம் வெள்ளையை விட்டகன்றதால் வண்ணத்தை விட்டே அகன்றதென்று எண்ணிவிட வேண்டாம். வெள்ளையைத் தந்தமாக்கும் அந்த ஒரு துளி மஞ்சளுக்குக் காரீயக் குரோமேட்டைச் சேர்த்தனர்; விரைவில் உலர்வதற்கும் காரீயச் சேர்மங்களைக் கலந்தனர். கதவு, சன்னல், கம்பி, தொட்டில் ஆகியவற்றுக்குப் பூசும் எனாமல் வண்ணங்களில் இந்த இடர் மிகுதி. தண்ணீரில் கலக்கும் சுவர் வண்ணங்களில் குறைவு. இந்திய அரசு 2016இல் விதி செய்தது. 2017 நவம்பர் முதல் வீட்டு வண்ணத்தில் காரீயம் 10 இலட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது. ஜெனீவா உடன்படிக்கைக்கும் இந்த விதிக்கும் இடையே 96 ஆண்டுகள்! குழந்தையின் குருதியில் இவ்வளவு காரீயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம்.

ஆகவே இளைஞர்களே, செய்ய வேண்டியவை சில. கடையில் வண்ணம் வாங்கும்போது டப்பாவின்மேல் காரீய அளவு குறித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் ஏன் இல்லை என்று கேளுங்கள். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வண்ணம் அடிக்க ஒப்பந்தம் விடும்போது, அந்தக் கேள்வியை ஊராட்சிக் கூட்டத்தில் எழுப்புங்கள். பழைய எனாமலை உலர்ந்தபடியே தேய்க்க விடாதீர்கள்; நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள்; அப்போது குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அங்கே இருக்க வேண்டாம். உப்புத்தாளோடு ஏணியில் நிற்கும் தொழிலாளிக்கு மூக்கையும் வாயையும் மூடத்தக்க கவசம் கொடுங்கள். கைகழுவச் சோப்பும் கொடுங்கள். இவை அவருக்கு நீங்கள் இடும் பிச்சை அல்ல; அவருடைய உரிமை. காசு குறைவென்றால் கவலையில்லை: நீற்றிய சுண்ணாம்பில் ஒரு கை மஞ்சட்காவி கலந்தால், நஞ்சில்லாத இளமஞ்சள் சுவர் உங்களுக்குக் கிடைக்கும்.

விட்ருவியசு எழுதியதைப் படித்துவிட்டு மறந்தது உலகம். பிராங்க்ளின் எழுதியதைப் பாராட்டிவிட்டு மறந்தது உலகம். உண்மை ஏட்டில் இருந்தால் அது அறிவு. சட்டத்தில் ஏறினால் அது வெற்றி. அங்காடியிலும் அங்கன்வாடியிலும் நடைமுறைக்கு வந்தால்தான் அது விடுதலை. சட்டம் இப்போது இருக்கிறது. அதைச் சுவர்வரை கொண்டு செல்லும் வேலை மிச்சம் இருக்கிறது. அந்த வேலை நம்முடையது.